மெம்ஃபிஸ் சொல்லாத தீர்ப்பு: டைசனும் லூயிசும் தத்தம் உச்சத்தில் மோதியிருந்தால்

2002 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், பிரமிட் அரங்கில் நடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை உலகப் பட்டப் போட்டியில், எட்டாவது சுற்றின் 2 நிமிடம் 25 விநாடியில் லெனாக்ஸ் லூயிஸ் மைக் டைசனை நாக் அவுட் முறையில் தோற்கடித்தார். முடிவில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆயினும் இருவரும் தத்தம் உச்சத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்ற கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. லூயிஸ் தரப்பினர் மெம்ஃபிஸையே சான்றாகக் காட்டுகிறார்கள். டைசன் தரப்பினர் 1988இல் மைக்கேல் ஸ்பிங்ஸ் டைசனிடம் 91 விநாடிகளில் சாய்ந்ததைக் காட்டுகிறார்கள். இவ்விரண்டுமே இந்த வழக்கில் வலுவான சான்றுகள் அல்ல என்பது என் கருத்து. உண்மையான சான்றுகள், அவ்வளவாகப் பேசப்படாத வேறு சில இரவுகளில் கிடக்கின்றன. அவற்றை எடுத்து அடுக்கினால் முடிவு லூயிஸ் பக்கம் சற்றே சாய்கிறது. ஆனால் அவருடைய ரசிகர்கள் எண்ணுகிற அளவுக்கு அன்று.

மெம்ஃபிஸில் நடந்தது

அந்த இரவுக்கு வந்து சேர்ந்த வழியே கோணலானது. 2002 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த அறிவிப்பு மேடையில் இரு தரப்பும் கைகலந்தன. அந்தக் கலவரத்தில் டைசன் லூயிசின் காலைக் கடித்தார். நெவாடா மாநில ஆணையம் டைசனுக்கு உரிமம் தர மறுத்துவிட, லாஸ் வேகஸில் நடக்கவேண்டிய சண்டை மெம்ஃபிஸுக்குப் போனது. சண்டைக்கு முன் களத்தின் நடுவே மஞ்சள் சட்டையணிந்த காவலர்களை வரிசையாக நிறுத்தி இருவரையும் பிரித்தே வைத்திருந்தார்கள். லூயிசின் எடை 249 பவுண்டுக்குச் சற்று மேல்; டைசனின் எடை 234 பவுண்டுக்குச் சற்று மேல்.

முதல் சுற்றில் டைசன் முன்னேறி வந்தார், சில இடது ஹூக்குகளும் (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்துகள்) பட்டன; அந்தச் சுற்று அவருடையது என்றே பெரும்பாலோர் கணித்தனர். இரண்டாவது சுற்றிலிருந்து லூயிசின் ஜாப் (முன்கையை நேராக நீட்டிப் போடும் குத்து) அவரைத் தொலைவிலேயே நிறுத்தியது. நெருங்கிவிட்ட வேளைகளில் லூயிஸ் கட்டிப்பிடித்துத் தன் எடையை அவர் கழுத்தின்மேல் சாய்த்தார், தேவைப்பட்டால் தள்ளியும் விட்டார். நடுவர் எடி காட்டன் பலமுறை எச்சரித்து, நான்காவது சுற்றில் லூயிசிடமிருந்து ஒரு புள்ளியையும் பறித்தார். அதனால் எதுவும் மாறவில்லை. எட்டாவது சுற்றில் அப்பர்கட்டுகள் (கீழிருந்து மேல்நோக்கி எழும் குத்துகள்) டைசனை முதலில் மடக்கின. நடுவர் எண்ணி முடித்துச் சண்டையைத் தொடரவிட்ட சற்று நேரத்தில் ஒரு வலது குத்து அவரை மல்லாக்கச் சாய்த்தது.

இதை உச்சங்களின் ஒப்பீடாகக் கொள்ள முடியாது என்று டைசன் தரப்பு சொல்வது சரி. ஆனால் அவர்கள் வசதியாக மறந்துவிடும் ஒரு விவரம் உண்டு. லூயிஸ் 1965 செப்டம்பரில் பிறந்தவர்; டைசன் 1966 ஜூனில் பிறந்தவர். மெம்ஃபிஸில் மூத்தவர் லூயிஸ்தான். அவரும் தன் உச்சத்தைக் கடந்துவிட்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஹசீம் ரஹ்மானிடம் ஐந்தாவது சுற்றில் வீழ்ந்து, ஏழு மாதங்கள் கழித்து அதே ரஹ்மானை நான்காவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டிருந்தார். ஆகவே மெம்ஃபிஸில் மோதியவர்கள் இருவருமே தேய்ந்தவர்கள்தாம். தேய்மானத்தின் அளவுதான் பெரிதும் வேறுபட்டது.

உச்சம் என்று எதைச் சொல்வது

இவ்வகை விவாதங்களில் மிகுதியாகக் குழப்பப்படுவது இந்தச் சொல்தான். உச்சம் என்றால் பலர் வயதைச் சொல்கிறார்கள். வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வழக்கே நிற்காது. ஏனெனில் இந்த இருவரின் உச்சங்கள் நாட்காட்டியில் எங்கும் ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை. 1986 நவம்பரில் இருபது வயதிலேயே டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றில் வீழ்த்தி, வரலாற்றிலேயே மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார் டைசன். அவர் ஸ்பிங்ஸை வென்ற 1988 ஜூனில் லூயிஸ் இன்னும் அமெச்சூர் வீரர்; சியோல் ஒலிம்பிக்கில் ரிடிக் போவை வென்று தங்கம் பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தன. லூயிஸ் தொழில்முறைக்கு வந்தது 1989 ஜூனில். மறு ஆண்டு பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் தோற்றபோது, லூயிஸ் தொழில்முறையில் ஓராண்டைக்கூட முடித்திருக்கவில்லை.

இருவரும் ஒரே களத்தில் நின்ற ஒரு காலம் அதற்கும் முன்பே இருந்தது என்பது விந்தை. 1984இல், பதின்வயதினராக, கேட்ஸ்கில்லில், டைசனின் ஆசான் கஸ் டமாட்டோவின் பயிற்சிக்கூடத்தில் இருவரும் சில நாட்கள் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்திருக்கிறார்கள். அதை இந்த ஆய்வில் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. பயிற்சிக்கூடக் கதைகள் சொல்பவரைப் பொறுத்து வளரும் தன்மையுடையவை.

என் அளவுகோல் வேறு. ஒரு வீரனின் உச்சம் என்பது அவனும் அவன் மூலையில் நின்ற பயிற்சியாளரும் சேர்ந்து இயங்கிய காலம். டைசனைப் பொறுத்தவரை அது கெவின் ரூனி அவருடைய மூலையில் நின்ற காலம், அதாவது 1986 முதல் 1988இல் ரூனி நீக்கப்பட்டது வரை. லூயிசைப் பொறுத்தவரை இமானுவேல் ஸ்டூவர்டின் பயிற்சி முழுதாகப் படிந்த 1997 முதல் 2000 வரை. ஆகவே நாம் கற்பனையில் நிறுத்தவேண்டியது 218 பவுண்டு எடையுள்ள 1988ஆம் ஆண்டு டைசனையும், 245 பவுண்டுக்கு நெருக்கமான எடையுள்ள 1999, 2000 ஆண்டுகளின் லூயிசையும்தான். பன்னிரண்டு சுற்றுகள், அவரவர் மூலையில் அவரவர் ஆசான்.

ரூனி காலத்து டைசன்

டைசனைப் பற்றிய பொதுப் படிமம் ஒரு முரட்டு நாக் அவுட்காரரின் படிமம். அந்தக் காலத்துச் சண்டைகளைப் பொறுமையாகப் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அவருடைய தற்காப்பு. கன்னத்தோடு கையுறைகளை ஒட்டிவைத்து, தலையை இடமும் வலமுமாக இடைவிடாது அசைத்தபடி உள்ளே புகும் பீக்கபூ பாணியை டமாட்டோ அவருக்கு ஊட்டியிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எண்களின் தொடராகவே குத்துக்கோவைகளைப் பழக்கியிருந்தார்கள். எதிராளியின் ஜாப் கடந்துபோகும் அதே கணத்தில் டைசனின் தலை அதற்கு வெளியே இருக்கும், கால்கள் ஏற்கெனவே அடுத்த கோணத்துக்குப் போயிருக்கும். 5 அடி 10 அங்குல உயரமும் 71 அங்குலக் கைவீச்சும் மட்டுமே கொண்ட ஒருவர் நெடிய ஹெவிவெயிட்டுகளைக் குவித்த கதையின் அடிப்படை இந்தப் புகுதல்தான். டமாட்டோ 1985இல் இறந்த பின்னும் ரூனி இந்தப் பழக்கத்தைக் காத்துவந்தார். ரூனி போனபின், தலையசைவு சண்டைக்குச் சண்டை குறைந்து, ஒற்றைக் குத்துகளைத் தேடும் டைசன் மிஞ்சினார்.

அப்படியானால் அந்த டைசன் உயரமானவர்களை எப்படி எதிர்கொண்டார்? இந்த ஆய்வின் மையக் கேள்வி இதுதான், இதற்குப் போதிய சான்றுகளும் உண்டு. 1987 மார்ச்சில் ஜேம்ஸ் 'போன்கிரஷர்' ஸ்மித், ஏறத்தாழ 6 அடி 4 அங்குல உயரத்தவர், புள்ளிகள் பறிக்கப்பட்டும் பொருட்படுத்தாமல் பன்னிரண்டு சுற்றுகளும் டைசனைக் கட்டிப்பிடித்தே கழித்தார். வெல்லும் முயற்சியையே அவர் கைவிட்டிருந்தார், ஆனால் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார்: நெருக்கத்தில் கைகள் சிறைப்பட்டால் டைசனிடம் மாற்று வழி குறைவு. அதே ஆண்டு ஆகஸ்டில் டோனி டக்கர், 6 அடி 5 அங்குல உயரத்தவர், முதல் சுற்றிலேயே ஓர் அப்பர்கட்டால் டைசனைப் பின்வாங்கச் செய்தார். பின்னர் ஜாபும் பிடியுமாகப் பன்னிரண்டு சுற்றுகள் நின்று புள்ளிகளில் தோற்றார். அக்டோபரில் டைரல் பிக்ஸ், 1984 ஒலிம்பிக்கின் சூப்பர் ஹெவிவெயிட் தங்க வீரர், முதல் சுற்றில் அழகாக ஜாப் போட்டு நகர்ந்தார். அதன்பின் உடற்பகுதியில் விழுந்த அடிகளில் கால்கள் சோர்ந்து ஏழாவது சுற்றில் வீழ்ந்தார்.

இந்த மூன்று இரவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரைபடம் கிடைக்கிறது. ஜாப் மட்டும் உள்ளவரை அந்த டைசன் உடைத்துவிடுவார். ஜாபோடு பிடியும் உள்ளவர் பன்னிரண்டு சுற்று தாங்குவார், ஆனால் தோற்பார். ஜாப், பிடி, அப்பர்கட், அத்துடன் முடித்துவைக்கும் வலது கை என நான்கும் ஒருசேரக் கொண்ட எவரையும் 1988 வரை அவர் சந்தித்ததில்லை. டோக்கியோவில் டக்ளஸ் அந்த நான்கையும் ஓர் இரவுக்காவது ஒன்றுசேர்த்தார். எட்டாவது சுற்றில் கீழே விழுந்தும் எழுந்து, பத்தாவது சுற்றில் அப்பர்கட்டில் தொடங்கிய கோவையால் டைசனை வீழ்த்தினார். டோக்கியோ டைசன் உச்சத்து டைசன் அல்லர் என்ற மறுப்பை ஏற்கிறேன். வீங்கிய கண்ணை அழுத்த வேண்டிய உலோகக் கருவிகூட இல்லாமல், பனிநீர் நிரப்பிய ரப்பர் உறையை வைத்து ஒத்திக்கொண்டிருந்த மூலை, உச்சத்தின் மூலை ஆகாது. எனினும் அந்த அப்பர்கட் புதியதன்று. டக்கர் 1987இல், ரூனி மூலையில் நின்றபோதே, அதைப் போட்டுக் காட்டியிருந்தார்.

ஐந்தாவது சுற்றுக்குப்பின் டைசன் ஒன்றுமில்லாமல் போய்விடுவார் என்ற பேச்சையும் இங்கேயே மறுக்க வேண்டும். 1986இல் ஹோசே ரிபால்டாவை அவர் பத்தாவது சுற்றில்தான் நிறுத்தினார். மூச்சு அவருக்குப் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. எதிராளி உடையாமல் நின்றால் அவருடைய கோவைகள் சுருங்கி ஒற்றைக் குத்துகளாக ஆகிவிடும் என்பதுதான் உண்மையான குறை.

ஸ்டூவர்ட் காலத்து லூயிஸ்

லூயிசின் இரண்டு தோல்விகளும் டைசன் தரப்பின் வலுவான ஆயுதங்கள். 1994இல் லண்டன் வெம்ப்ளியில் ஆலிவர் மெக்கால் இரண்டாவது சுற்றில் ஒரே வலது குத்தால் அவரை வீழ்த்தினார். 2001இல் தென்னாப்பிரிக்காவில் ரஹ்மான் அதையே செய்தார். டைசனின் குத்துக்கு முன் இந்தத் தாடை எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம்.

மெக்காலின் வெற்றியில் ஒரு சுவையான பின்னணி உண்டு. அன்று மெக்காலின் மூலையில் நின்றவர் ஸ்டூவர்ட். லூயிசின் ஓட்டையைக் கண்டுபிடித்த அவரையே லூயிஸ் பின்னர் தன் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டார். தன்னை வீழ்த்திய திட்டத்தை வகுத்தவனிடமே போய்ப் பாடம் கேட்கும் அறிவு அந்தத் தலைமுறை ஹெவிவெயிட்டுகளில் வேறு எவருக்கும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஸ்டூவர்ட் அவருடைய நிற்கும் முறையைச் சீர்ப்படுத்தினார், ஜாபை முதன்மை ஆயுதமாக்கினார், நெருக்கத்தில் எடையைச் சாய்த்து எதிராளியைக் களைக்கவைக்கும் கலையையும் புகட்டினார். ரஹ்மானிடம் தோற்றது ஒரு படப்பிடிப்பை முடித்துவிட்டு, கடல்மட்டத்திலிருந்து வெகு உயரமான இடத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்த லூயிஸ். அவர் நம் கற்பனைச் சண்டையில் நிற்கும் லூயிஸ் அல்லர்.

இந்த லூயிசுக்கு மிகப் பொருத்தமான தேர்வு 2000 நவம்பரில் நடந்தது. டேவிட் டுவா டைசனைப் போலவே 5 அடி 10 அங்குல உயரம், 245 பவுண்டு எடை, அக்காலத்தின் மிக அஞ்சப்பட்ட இடது ஹூக். லூயிஸ் பன்னிரண்டு சுற்றுகளும் ஜாபால் அவரைத் தொலைவில் நிறுத்தி, மூன்று நடுவர்களின் அட்டைகளிலும் தெளிவாக வென்றார். குட்டையான, கனமான அடிகாரரை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஆனால் டுவா ஒரு குத்துக்காகக் காத்திருந்தவர். தலையசைவோடு நான்கைந்து குத்துகளைக் கோத்தபடி புகுந்தவர் அல்லர். 1988 டைசனின் வேகத்தில் பாதிகூட அவரிடம் இல்லை. எனவே டுவா இரவை முழுச் சான்றாக ஏற்கத் தயங்குகிறேன்.

எதிர்ச்சான்று 1998 மார்ச்சில் கிடைக்கிறது. உச்சத்திலிருந்த லூயிசை ஷானன் பிரிக்ஸ் முதல் சுற்றிலேயே தடுமாற வைத்தார். லூயிஸ் பிடித்துக்கொண்டு, நின்று, மீண்டு, ஐந்தாவது சுற்றில் பிரிக்ஸை நிறுத்தினார். லூயிஸ் தரப்பினர் அவர் மீண்டதைச் சொல்கிறார்கள். நான் அவர் தடுமாறியதையும் சேர்த்தே எண்ணுகிறேன். அடிபட்ட மனிதனை முடித்துவைப்பதில் பிரிக்ஸுக்கும் டைசனுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. பெர்பிக்கும் ஸ்பிங்ஸும் தடுமாறிய பின் கட்டிப்பிடிக்கக்கூட அவகாசம் பெறவில்லை.

பொது எதிராளிகளை வைத்துக் கணக்குப் போடுவோர் பலர். பிக்ஸ், டக்கர், பிராங்க் புருனோ, ரேசர் ரட்டாக், போத்தா, கொலோட்டா, ஹோலிஃபீல்ட் என இருவரும் சந்தித்தவர்கள் நிறையப் பேர். ரட்டாக்கை வெல்ல டைசனுக்கு இரண்டு நீண்ட சண்டைகள் தேவைப்பட்டன, லூயிசுக்கோ இரண்டே சுற்றுகள் போதுமாயின என்பார்கள். டைசன் அடித்துத் தேய்த்த ரட்டாக்கைத்தான் லூயிஸ் சந்தித்தார் என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. பிக்ஸும் டக்கரும்கூட டைசனுக்குப் பின்பே லூயிசிடம் வந்தவர்கள். இந்த வழி எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றவில்லை.

சண்டையைக் கட்டிப் பார்த்தால்

இருவரின் தோல்விகளுக்கும் உள்ள வேறுபாடு இந்த வழக்கின் திறவுகோல். லூயிஸ் தோற்றதெல்லாம் ஒரே குத்தில், திடீரென்று. டைசன் முதல் மூன்று தோல்விகளில் வீழ்ந்ததெல்லாம் தேய்ந்து தேய்ந்து: டக்ளஸிடம் பத்தாவது சுற்றில், ஹோலிஃபீல்டிடம் 1996இல் பதினோராவது சுற்றில், லூயிசிடம் எட்டாவது சுற்றில் (ஹோலிஃபீல்டின் காதைக் கடித்துத் தகுதியிழந்த 1997ஆம் ஆண்டு இரவு வேறு கணக்கு). ஆகவே இந்தக் கற்பனைச் சண்டையில் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் சாதகம் சிறிது சிறிதாக லூயிஸ் பக்கம் நகரும்.

முதல் இரண்டு சுற்றுகள் டைசனுடையவை என்பதில் எனக்கு ஐயமில்லை. தேய்ந்துபோன மெம்ஃபிஸ் டைசனே முதல் சுற்றை எடுத்தார் என்றால், ஜாபுக்கு அடியில் புகுந்து வெளியேறத் தெரிந்த 1988 டைசன் அங்கே இன்னும் அதிகம் செய்திருப்பார். பதின்மூன்று அங்குலக் கைவீச்சு வேறுபாடு பெரியதுதான், ஆனால் ஜாப் தலையில் பட்டால்தான் அதற்குப் பயன். லூயிஸ் எச்சரிக்கையாகத் தொடங்கும் இயல்பினர். அந்த எச்சரிக்கையே தொடக்கத்தில் அவரைப் பின்காலில் நிறுத்தும். ஒரு முறையேனும் அவர் பிரிக்ஸ் இரவில் தடுமாறியதுபோலத் தடுமாறுவார், கீழே விழவும் கூடும். அந்தக் கணத்தில் அவர் டைசனின் கைகளைச் சிறைப்பிடித்தாரா இல்லையா என்பதில்தான் சண்டையின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. பிடித்தார் என்றே நான் கருதுகிறேன். 218 பவுண்டு மனிதனின்மேல் 245 பவுண்டு சாயும்போது, போன்கிரஷர் அச்சத்தால் செய்ததை லூயிஸ் திட்டமிட்டுச் செய்வார்.

மூன்றாவது சுற்றிலிருந்து ஆறாவது வரை அப்பர்கட்டின் நேரம். குனிந்து புகுபவருக்கு எதிரான இயல்பான மருந்து அதுதான். லூயிசிடம் அது ஹெவிவெயிட் வரலாற்றிலேயே சிறந்த அப்பர்கட்டுகளில் ஒன்றாக இருந்தது. டக்கரின் அப்பர்கட் டைசனைப் பின்வாங்க மட்டுமே வைத்தது. லூயிசினுடையது அவரைப் புகுவதற்கே தயங்க வைக்கும். தயங்கும் டைசன் வெளியே நின்று ஜாபை வாங்கும் டைசன். அங்கே ரூனியின் குரல் முக்கியம். எண்களைக் கூவி, தலையசைவை மீட்டு, உடற்பகுதியைத் தாக்கச் சொல்லி, பிக்ஸிடம் நடந்ததை மீண்டும் நடத்த அவர் முயல்வார். லூயிஸ் பிக்ஸைவிடக் கனமானவர், கால்களைவிடப் பிடியை நம்புபவர் என்பதால் உடல் அடிகள் அதே வேகத்தில் பலன் தரா.

நடுவரைக் கணக்கில் சேர்க்காத எந்த முடிவும் அரைகுறையானது. 2000 ஏப்ரலில் மைக்கேல் கிராண்டை லூயிஸ் முடித்தபோது, ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அப்பர்கட் போட்டதை நடுவர் கண்டுகொள்ளவில்லை. அதே லூயிசிடம் மெம்ஃபிஸில் எடி காட்டன் புள்ளி பறித்தார். பிடிகளை உடனுக்குடன் பிரித்து, சாய்வதையும் தள்ளுவதையும் தொடக்கத்திலேயே தண்டிக்கும் நடுவர் நின்றால், சிறிய களமும் அமைந்துவிட்டால், நான் டைசன் பக்கம் பந்தயம் கட்டுவேன்: நான்காவது சுற்றுக்குள், இடது ஹூக்கால். வழக்கமான நடுவர், வழக்கமான களம் என்றால் லூயிஸ் எட்டாவது சுற்றுக்கும் பத்தாவது சுற்றுக்கும் இடையில் சண்டையை நிறுத்துவார். அதற்குள் அவர் ஒருமுறை தரையைத் தொட்டிருப்பார். பத்து முறை மோதினால் ஆறு முறை லூயிஸ் என்பது என் மதிப்பீடு.

இந்தக் கற்பனைக்கு அப்பால், உண்மையிலேயே நடந்திருக்கக்கூடிய இன்னொரு சண்டையும் இருந்தது. 1996 மார்ச்சில் புருனோவை வீழ்த்தி உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலின் பட்டத்தை டைசன் பெற்றபோது, அதற்கு அடுத்த கட்டாயப் போட்டியாளர் லூயிஸ். ஒதுங்கி நிற்பதற்காக லூயிசுக்கு 40 லட்சம் டாலர் தரப்பட்டது. டைசன் செப்டம்பரில் புரூஸ் செல்டனிடமிருந்து வேறொரு பட்டத்தைப் பறித்துவிட்டு, லூயிசைச் சந்திப்பதற்குப் பதில் கவுன்சிலின் பட்டத்தைத் துறந்தார். அந்த இலையுதிர்காலத்தில் லூயிஸ் ஸ்டூவர்டின் கையில் முழு வடிவம் பெறத் தொடங்கியிருந்தார். சிறையிலிருந்து திரும்பிய டைசனின் தலை அசைவதை நிறுத்தியிருந்தது. நவம்பரில் அவருக்கு எதிரே ஹோலிஃபீல்டுக்குப் பதில் லூயிஸ் நின்றிருந்தால், பதினோராவது சுற்றுவரை போயிருக்காது என்றே நினைக்கிறேன்.